கல் மேடையில் சுற்றிய கார்

அத்தானின் வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. காட்டைக் குறிக்கும் பச்சைக்கு நடுவே ஒரு சிறு புள்ளி இருந்தது. பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் வாசிக்கக்கூடிய ஆங்கில எழுத்தில், இடிபாடு என்று போட்டிருந்தது. ஒரு மைலை ஓர் அங்குலமாக்கி வரைந்த அந்தத் தாளில் அப்படிப்பட்ட புள்ளிகள் பதினொன்று. இரண்டு நாளில் எத்தனையைப் பார்க்க முடியுமோ அத்தனையையும் பார்ப்பது என்று புறப்பட்டோம்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். மற்றவர்கள் எழுதியதை வெட்டுவதுதான் பெரும்பாலும் என் வேலை. வன்னியின் பழைய கட்டடங்களைப் பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு முழுப்பக்கம் எழுதச் சந்தர்ப்பம் கிடைத்தபோது ஆசிரியர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். நீளம், அகலம், உயரம் இல்லாமல் எந்தக் கல்லைப் பற்றியும் எழுதக் கூடாது. ஆகவே என் பையில் ஐம்பதடி நாடா ஒன்றும், அலுவலகத்துக் கமராவும், இரண்டு படச்சுருளும் இருந்தன.

அத்தான் என் அக்காவின் கணவர். கிளிநொச்சியில் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் படவரைஞர். காணிகளையும் வாய்க்கால்களையும் மெல்லிய துணித்தாளில் மையால் கீறுவது அவருடைய தொழில். மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவரிடமிருந்து கார் வாங்கியிருந்தார். சாம்பல் நிறம், நாலு கதவு. வாங்கிய அன்று எனக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு பக்கம் காரைப் பற்றியே இருந்தது. அதில் அரைப் பக்கம் ஆசனங்களுக்கு. 'அசல் தோல்' என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிட்டிருந்தார்.

காருக்குள் கச்சான் கடலைக் கோது உடைக்கக் கூடாது, ஈரக் காலோடு ஏறக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது. அக்கா பின் ஆசனத்தில் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, மூச்சு விடலாமோ? இல்லை, அதுக்கும் இறங்க வேணுமோ?"

"கண்ணாடியிலை படாமல் விடும்," என்றார் அத்தான்.

முதல் நாள் பரந்தன் சந்தியில் திரும்பிப் பூநகரிக்குப் போனோம். அது ஆளில்லாத வெளி. வலப்பக்கம் கடல்நீரேரி, இடப்பக்கம் வயல். இரண்டும் ஒரே மட்டத்தில், ஒரே வெளிச்சத்தில் கிடந்தன. பத்து மணி வெயிலில் கோட்டை தூரத்தில் தெரிந்தது. அது நிலத்தில் நிற்கவில்லை. நிலத்துக்கு ஒரு முழம் மேலே, தண்ணீர் போல நெளிந்த ஒரு பட்டையின் மேல் நின்றது. நாங்கள் கிட்டப் போகப்போக மெல்லக் கீழே இறங்கி, கடைசியில் சாதாரணமான முருகைக்கல் சுவராகித் தரையில் அமர்ந்துகொண்டது. இதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டு வெட்டினேன். கானல் நீருக்கு நீளம் அகலம் இல்லை.

கோட்டைக்குள் பயணிகள் தங்கும் வாடிவீடு ஒன்று இருந்தது. முருகைக்கல் சுவருக்கு நடுவே ஓட்டுக் கூரை, சாய்வுக் கதிரை இரண்டு, தண்ணீர்ப் பானை ஒன்று. வாடிவீட்டுக் காவலர் எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். கோட்டையின் சரித்திரத்தை அவரிடம் கேட்டேன்.

"போத்துக்கீசன் கட்டினது. ஒல்லாந்தன் பெருப்பிச்சது. வெள்ளைக்காரன் கதிரை போட்டது," என்றார். பிறகு துணியால் கதிரையைத் தட்டினார். "நான் தூசி தட்டுறது."

அன்றிரவு அத்தான் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் உருத்திரபுரத்துச் சிவன் கோயிலுக்குப் போய்ச் சதுர ஆவுடையாரைப் பார்த்தோம். மற்றக் கோயில்களில் வட்டமாக இருக்கும் பீடம் அங்கே நாலு மூலையோடு இருந்தது. காடு வெட்ட வந்தவர்களின் கத்தியில் தட்டுப்பட்ட கல் என்று சொன்னார்கள். கோயிலைச் சுற்றி அறுவடை முடிந்த வயல், நடுவே பனியில் பாதி மறைந்த கோபுரம். ஒரு கொக்கு அசையாமல் நின்ற நேரத்தை மணிக்கூட்டில் பார்த்தேன். ஏழு நிமிடம்.

பிறகு கண்டி வீதியால் தெற்கே. முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். நாங்களும் நின்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அத்தான் தனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, காருக்கு இரண்டு உடைத்தார். அக்கா கச்சான் வாங்கி, கீழே நின்றபடியே முழுவதையும் கோது உடைத்து, பருப்பை மட்டும் காருக்குள் கொண்டுவந்தாள். மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம்.

அந்த வீதியை இன்றும் எனக்கு மைல்கல் மைல்கல்லாகச் சொல்லத் தெரியும். ஆனால் அதில் போனது தூக்கத்தில் போனது போலத்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையுமாக மரங்கள் மேலே சேர்ந்து கிடந்தன. வெயில் காசு காசாகக் கிறவல் மண்ணில் விழுந்து காரின் மேல் ஊர்ந்து பின்னால் போனது. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. இடைக்கிடை மயில் ஒன்று வீதியைக் கடந்தது, அவசரப்படாமல். வழியில் ஒரு மரத்தடியில் கல்லொன்றின் மேல் பச்சைக் குழைகள் குவிந்திருந்தன. காட்டைக் கடப்பவர்கள் ஒரு குழை முறித்துப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுப் போவது அங்குள்ள வழக்கம். குழைகள் வாடியிருக்கவில்லை. எங்களுக்குச் சற்று முன்னர் யாரோ போயிருக்கிறார்கள். ஆனால் நாங்கள் யாரையும் கடக்கவுமில்லை, காணவுமில்லை. அக்கா இறங்கி ஒரு குழை முறித்துப் போட்டாள்.

ஒட்டுசுட்டான் கோயில் நாங்கள் போனபோது உச்சிப் பூசை முடிந்து பூட்டியிருந்தது. குரக்கன் வெட்டியபின் மிஞ்சிய தாளான ஒட்டைச் சுடும்போது ஓரிடம் மட்டும் எரியாமல் நின்றதாம், அந்த இடத்தில் சிவலிங்கம் இருந்ததாம் என்று கதை. நாங்கள் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, அடுத்த புள்ளியைத் தேடினோம். அதுதான் பெயரில்லாத புள்ளி.

பிரதான வீதியிலிருந்து வாய்க்கால் ஓரமாக இரண்டரை மைல். புதிதாகத் திருத்திய குளமொன்றின் கீழே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் காணி கொடுத்திருந்தார்கள். கடைசி வாய்க்காலின் கடைசிக் காணி. அதற்கப்பால் காடு. பிற்பகல் இரண்டு மணி இருக்கும். வடகிழக்கில், காட்டுக்கு மேலே, மாசி மாதத்தில் இருக்கக் கூடாத ஒரு கறுப்பு நின்றது.

காணியின் ஓரத்தில் இருந்த இடிபாடு ஒரு கல் மேடை. ஒரு காலத்தில் நல்ல கட்டடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மூன்றடி உயரம். ஆள்நீளக் கருங்கல் பலகைகளைச் சாந்தில்லாமல் பொருத்தியிருந்தார்கள். கிழக்கே நாலு படி. மேற்கே மண் குவிந்து சரிவாகி மேடையோடு சமமாகியிருந்தது. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று வரைபடமும் சொல்லவில்லை, அங்கே யாருக்கும் தெரியவுமில்லை. மேலே தூண்கள் இல்லை. தூண்கள் நின்ற சதுரக் குழிகள் வரிசையாக இருக்கும் என்று அத்தான் எனக்கு எழுதி அனுப்பியிருந்த அலுவலகத்துப் பழைய குறிப்பொன்று சொன்னது. அந்தக் குழிகளை எண்ணி, இடைவெளியை அளந்தால், மேலே எப்படிப்பட்ட மண்டபம் இருந்தது என்று ஊகிக்கலாம். என் முழுப்பக்கத்தின் நடுப்படம் அதுதான் என்று கொழும்பிலேயே தீர்மானித்திருந்தேன்.

குழிகள் கண்ணில் படவில்லை. மேடை முழுவதும் சாணகத்தால் மெழுகியிருந்தது. அதன் மேல் முழங்கால் உயரத்துக்கு நெற்கதிர் பரப்பியிருந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் அந்தக் காணியின் கமக்காரர். நாற்பது வயதிருக்கும், மெலிந்தவர். படிக்குக் கீழே நின்றவர் அவருடைய மனைவி. மூன்றாமவர் பக்கத்துக் காணிக்காரர். வெற்றிலை வாயும் பெரிய குரலும்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, நாடாவை வெளியே எடுத்தபடி, செய்தியாளன் எவனும் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளைக் கேட்டேன்.

"இதிலை எத்தனை மூடை வரும்? எப்ப முடியும்?"

கமக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொன்னார். அயல்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம்தான். வேலை கொழும்பிலை."

"அதுதானே பாத்தன். பேப்பர்ச் சனம் செத்தவீட்டிலையும் எத்தனை பேர் எண்டு கேக்கும். தம்பி, களத்திலை முடிஞ்சுது எண்ட கதை இல்லை. எத்தனை எண்ட கேள்வியும் இல்லை. நிறைஞ்சுது எண்டுதான் சொல்லுவம், அதுவும் நிறைஞ்சாப் பிறகு."

அக்கா என் கையிலிருந்து நாடாவை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். "இவன் சின்னனிலையும் இப்பிடித்தான், அண்ணை. சோறு போட முதல் எத்தனை அப்பளம் எண்டு கேப்பான்," என்றாள். அயல்காரர் சிரித்தார். கமக்காரரின் மனைவி சிரிக்கவில்லை.

என்ன நடந்தது என்பதை அக்காதான் அவரிடமிருந்து கேட்டறிந்து வந்தாள். அன்று காலையில் கதிரை மிதிக்க எருமைகள் வருவதாக ஏற்பாடு. அதை நம்பி, வெட்டி அடுக்கி வைத்திருந்த சூட்டை, அந்தக் கதிர்க் குவியலை, சரித்து மேடையில் பரப்பிவிட்டார்கள். அடுக்கிய சூடு மழையைத் தாங்கும். சரித்த சூடு தாங்காது, நனைந்தால் முளைத்துவிடும். எருமைகளைக் காட்டுக்குள் யானை கலைத்துவிட்டது. தேடிப் போன எருமைக்காரன் திரும்பவில்லை. மழைக்கறுப்பு பத்து மணிக்கே வந்துவிட்டது.

"போன முறை தண்ணி இல்லாமல் நெல்லெல்லாம் பதராகிச் சாவியாப் போச்சாம்," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "இந்த முறையும் போச்செண்டால் காணியைக் குடுத்திட்டுத் திரும்பிப் போறதெண்டு அவர் சொல்லிப்போட்டாராம். அவாவுக்குப் போக விருப்பமில்லை."

"ஏன்?"

"யாழ்ப்பாணத்திலை அவரின்ரை தமையன்ரை வீடாம். அவாவின்ரை அடுப்பு பின் விறாந்தையிலை, தமையன் பெண்சாதியின்ரை குசினிக்கு வெளியிலை. ஒன்பது வருசமா அங்கைதான் சமைச்சவா. இஞ்சை வந்து பார்."

அவர்கள் குடியிருந்த கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எட்டடிக்குப் பத்தடி இருக்கும். நாலு மூலையிலும் நாலு தடி நட்டு, நூல் கட்டியிருந்தது. நடுவே அடுப்புக்கு மூன்று கல். சுவர் இல்லை, கூரை இல்லை. ஆனால் வாசல் வரவேண்டிய இடத்தில் கமக்காரரின் மனைவி நூல் கட்டாமல் இடைவெளி விட்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் தண்ணீர்க் குடத்தோடு வந்தார். நூலைத் தாண்டவில்லை, சுற்றிப் போய் அந்த இடைவெளியால்தான் உள்ளே போனார்.

மேடைக்குத் திரும்பியபோது அயல்காரர் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சில்லைக் கையால் தட்டினார். குனிந்து கீழே பார்த்தார்.

"ஐயா, உழவு மெசின் ஓட்டிச் சூடு மிதிக்கிறாங்கள் தெரியுமோ?"

அத்தானுக்கு விளங்கிவிட்டது. "இது உழவு மெசின் இல்லை," என்றார்.

"எருமையும் உழவு மெசின் இல்லைத்தானே."

"வைக்கோல் சில்லிலை சுத்தும். கீழை குழாய் கொதிச்சுக்கொண்டிருக்கும். நெருப்புப் பிடிச்சால் காரும் போச்சு, உங்கடை நெல்லும் போச்சு."

கமக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார். "வேண்டாம், ஐயாவைக் கரைச்சல் படுத்தாதேங்கோ," என்றார் அயல்காரரிடம். நான் அந்த இரண்டு நாளில் கேட்ட குரல்களில் மிகத் தணிவானது அதுதான்.

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா கூடையிலிருந்த சாப்பாட்டுப் பொதிகளை எடுத்துக் கல்லில் வைத்தாள். பின் ஆசனத்தில் கிடந்த தன் சால்வையை எடுத்து மடித்தாள். கார் வெறுமையாயிற்று. அத்தான் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்.

"சப்பாத்து மட்டும் போதாது," என்றார் அயல்காரர். "தோல் சாமான் ஒண்டும் களத்திலை ஏறப்படாது. இடுப்புப் பட்டியும் தோலோ?"

அத்தான் பட்டியையும் கழற்றினார். நான் தோலுறையில் இருந்த கமராவைப் படிக்குக் கீழே வைத்தேன். அயல்காரர் கார்க் கண்ணாடியால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆசனம் என்னது?"

அத்தான் கழற்றிய பட்டியைக் கையில் சுற்றினார்.

"எருமைக்குத் தோல் இல்லையோ?" என்றேன் நான், அவருக்கு உதவியாக.

"அது உயிரோடை இருக்கிற தோல், தம்பி."

அத்தான் எங்கேயோ பார்த்தபடி, "ரெக்சின்," என்றார். பிறகு இன்னும் சிறிய குரலில், "விக்கேக்கை தோல் எண்டுதான் சொன்னவர். பிறகு கடையிலை காட்டினனான். ரெக்சின்தான்," என்றார்.

அக்கா காட்டுப் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது.

மேற்குச் சரிவால் கார் மேடையில் ஏறியது. எருமை எந்தப் பக்கமாகச் சுற்றுமோ அந்தப் பக்கமாகச் சுற்றும்படி கமக்காரர் கையைக் காட்டினார். அத்தான் ஒரு கையால் பட்டியில்லாத களிசானைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, முதலாம் கியரில் ஓட்டினார். கதிரின் மேல் கார் ஓடுகிற சத்தம் எனக்குப் புதிது. அரைபடுவது போலவும் இல்லை, நெரிபடுவது போலவும் இல்லை. யாரோ நீளமாகப் பெருமூச்சு விடுவது போலிருந்தது. மேடையில் அந்தக் கார் பின்னுக்கு எடுக்காமல், நிற்காமல், ஒரே வளைவாகச் சுற்ற இடம் இருந்தது. கட்டியவர்கள் அப்படி நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள்.

நானும் கமக்காரரும் அயல்காரரும் வெறுங்காலோடு பின்னால் நடந்து, நீண்ட கம்பால் கதிரைப் புரட்டிப் போட்டோம். சில சுற்றுக்கு ஒருமுறை கார் நிற்கும். கமக்காரர் கீழே புகுந்து சில்லில் சுற்றிய வைக்கோலை இழுத்து எறிவார். பெண்கள் களத்தில் ஏறுவதில்லை. அவர்கள் படியில் தண்ணீர் வாளியோடு நின்றார்கள்.

நான் பழக்க தோஷத்தில் பென்சிலை எடுத்துச் சுற்றுக்களைக் கோடு கோடாகக் குறித்துக்கொண்டு வந்தேன். கமக்காரர் அதைக் கண்டார். திட்டவில்லை. கையை நீட்டினார், நான் புத்தகத்தைக் கொடுத்தேன். அதைப் படியில் நின்ற மனைவியிடம் எறிந்தார். "எண்ணாதேங்கோ, ஐயா," என்றார். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மணிக்கூடும் தோல் பட்டியில் இருந்ததால் கழற்றியாயிற்று. இவ்வளவு தூரம் ஓடி வந்து, எந்த ஊருக்கும் போகாமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் அதே வரிசையில் காடு வந்தது, குளக்கட்டு வந்தது, கொட்டில் வந்தது, படியில் நின்ற இரண்டு பெண்கள் வந்தார்கள், மறுபடி காடு வந்தது. கறுப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்ட நின்றது. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செம்பு நிறமானது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தானின் முகம் அமைதியாக இருந்தது. காலுக்குக் கீழே நெல் உதிர்ந்து தடித்துக்கொண்டு வந்தது. நடக்கும்போது பாதம் புதைந்தது, ஆற்று மணலில் புதைவது போல. அதற்கும் கீழே, மெழுகிய சாணகத்துக்குக் கீழே, நான் எண்ண வந்த குழிகள் இருந்தன. அவற்றின் நினைவு எனக்கு வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

திடீரென்று புகை மணத்தது. காரின் கீழே நீலமாக ஒரு நூல் எழும்பியது. அத்தான் பிரேக்கை அடித்தார். இறங்கி ஓடவில்லை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கமக்காரர் தலைப்பாகையை வாளியில் நனைத்து, முதுகால் ஊர்ந்து கீழே போனார். அவர் கால் இரண்டும் மட்டும் நெல்லுக்கு மேலே தெரிந்தன. படியில் நின்ற அவர் மனைவி ஒரு கால் களத்தில் வைத்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரத் துணி கொதித்த குழாயில் பட்டுச் சீறியது. பிறகு கறுத்த வைக்கோல் கைப்பிடி ஒன்று வெளியே வந்து விழுந்தது. பிறகு அவர் வந்தார். உள்ளங்கையில் ஒரு கொப்புளம்.

"ஓட்டுங்கோ, ஐயா," என்றார்.

வைக்கோலை உதறித் தள்ளியபோது முதல் காற்று வந்தது. தூற்ற நேரமில்லை. பதரோடு கூட்டிக் கடகத்தில் அள்ளினோம். முதல் கடகத்தைக் கமக்காரர் அள்ளும்போது "பொலி, பொலி" என்றார். களம் பெருகட்டும் என்பதற்கான சொல் அது. ஆண்கள் மேடையின் விளிம்புவரை கொண்டுபோய்க் கொடுக்க, படியில் நின்ற இரண்டு பெண்களும் வாங்கிக் கொட்டிலுக்குள் கொட்டினார்கள். பத்து நிமிடத்தில் அக்காவின் கொண்டையில் நெல் இருந்தது, காதுத் தோட்டில் வைக்கோல் இருந்தது. அத்தான் காரைச் சரிவால் இறக்கிக் கொட்டிலின் வாசலுக்கு நேரே நிறுத்தினார். கொட்டிலுக்குள் இடம் போதாமல் போனபோது பின் கதவைத் தானே திறந்தார். மிச்ச நெல் அந்த ரெக்சின் ஆசனத்தில் கொட்டப்பட்டது.

கடைசிக் கடகம் படியால் இறங்கும்போது மழை கல்லில் விழுந்தது. முதலில் பெரிய துளிகள், தனித்தனியாக. பிறகு காடும் குளக்கட்டும் ஒன்றாக மறைந்தன.

கொட்டிலுக்குள் முழங்காலளவு நெல்லில் எல்லோரும் நின்றோம். உட்கார இடமில்லை. எனக்கு வாயில் ஒரு சொல் வந்துவிட்டது, விழுங்கினேன். அயல்காரர் என்னைப் பார்த்தார்.

"இப்ப சொல்லலாம், தம்பி."

"நிறைஞ்சுது," என்றேன்.

"ஓம்," என்றார் கமக்காரர்.

அவர் மனைவி குனிந்து இரண்டு கையாலும் நெல்லை அள்ளி, விரலிடுக்கால் விழவிட்டுக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். மழை சாணக மெழுக்கைக் கரைத்துக்கொண்டிருந்தது. கல்லில் ஒரு சதுரம் தெரிந்தது. பிறகு அதற்கு நேரே இன்னொன்று. குழிகளில் அடைத்திருந்த களி இளகி, தண்ணீர் நிரம்பி, ஒவ்வொன்றாக வானத்தின் நிறத்தில் திறந்தன. வரிசை வரிசையாக.

"இனி எண்ணலாமோ?" என்று கேட்டேன்.

கமக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். "கல்லை எண்ணுங்கோ. நெல்லை எண்ணாதேங்கோ."

வாசலில் நின்று எண்ணினேன். இருபத்துநாலு என்று எனக்கு வந்தது. அத்தானுக்கு இருபத்தைந்து. மழைக்குள் எழும்பிய நீராவியில் ஒரு குழி சிலவேளை இருந்தது, சிலவேளை இல்லை.

புறப்படும்போது மழை தூறலாகியிருந்தது. கார் ஆசனத்து நெல்லைச் சாக்கில் அள்ளிக் கட்டியிருந்தார்கள். கமக்காரர் அந்தச் சாக்கை இறக்க விடவில்லை. மிதித்த மாட்டுக்கு ஒரு பங்கு உண்டு என்றார். அத்தான் எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. அயல்காரர் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து காரின் முன்பக்கத்தில் கட்டினார். "இதுக்கும் பசிக்கும்," என்றார். அந்த வைக்கோலோடுதான் மாங்குளம் சந்தியைக் கடந்தோம். முறிகண்டியில் கச்சான் விற்கிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அன்று காருக்குள்ளேயே கோது உடைத்தோம்.

முழுப்பக்கம் வந்தது. முதல் நாள் படச்சுருள் பையில் தப்பியதால் பூநகரிக் கோட்டை நடுப்படமாயிற்று. கமரா படிக்குக் கீழே நனைந்து கிடந்ததால் மேடைக்குப் படமில்லை. அதைப் பற்றி நான் எழுதிய ஒரே வசனம், அது ஒரு சிறிய கார் பின்னுக்கு எடுக்காமல் சுற்றக்கூடிய அகலமுடையது என்பதுதான். ஆசிரியர் அதன் அருகே சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, வெட்டாமல் விட்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சித்திரை விடுமுறையில், கிளிநொச்சி வீட்டில் அத்தானின் மேசையருகே நின்றேன். அந்தக் குடியேற்றக் காணிகளை அளந்துவந்த குறிப்புகளைப் பார்த்து அவர் துணித்தாளில் கீறிக்கொண்டிருந்தார். கடைசி வாய்க்கால், கடைசிக் காணி. காணிக்காரர் பெயர் மாறவில்லை. மேடை இருந்த இடத்தில் அதே சொல்: இடிபாடு. அதற்கு வடக்கே ஒரு சதுரம், வீடு. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, தனியாக, இன்னொரு சின்னச் சதுரம்.

"குசினி," என்றார் அத்தான்.

அக்கா தேநீரோடு வந்து அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "உவ்வளவு சின்னனோ? அவா நூல் கட்டினது இதைவிடப் பெரிசு."

"நான் அளக்கேல்லை. அளந்தபடிதான் கீறலாம்."

"ஓமோம். தோல் எண்டு சொன்ன ஆள்தானே நீங்கள். இதிலை மட்டும் சரியாக் கீறுங்கோ."

அத்தான் பேனையை மைக்கூட்டில் தோய்த்தார். அளவை மாற்ற முடியாதுதான். ஆனால் மை காய்வதற்கு முன்னர், அடிமட்டத்தை வைத்து, அந்தச் சின்னச் சதுரத்தின் நாலு கோட்டையும் இன்னொரு முறை, தடிப்பாக, கீறினார்.